தண்ணீர் என்றுதான் சொன்னேன்

மருத்துவம் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், தங்கள் ஆண்டு மலருக்குச் சிறுநீரக நோயைப் பற்றிக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று என் தையற்கடைக்கு வந்தார்கள். அதனை எழுத உங்கள் ஆசிரியர்கள் இருக்கிறார்களே என்றேன். வைத்தியம் செய்தவர்கள் எழுதியது அலமாரி நிறைய இருக்கிறது, வைத்தியம் செய்யப்பட்டவர் எழுதியதுதான் இல்லை என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சொற்பம். எழுத்து நான் தேடிக்கொண்டது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்க.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதும் கட்டுரைகளில், எல்லோரையும் மன்னித்துவிட்டதாக ஒரு வரி தவறாமல் வருகிறது. இக்கட்டுரையில் அந்த வரி இராது. ராஜமாணிக்கம் என்பவரை நான் மன்னிக்கவில்லை. ஆயினும் கட்டுரை முழுவதும் அவரை ‘அவர்’ என்றே எழுதுவேன். பகையையும் மரியாதையோடு நடத்த வேண்டுமென்பது என் கொள்கை.

நோய் முதலில் என் கண்ணிமைகளில் வந்தது. காலையில் எழுந்தால் இமைகள் இரண்டும் பொதபொதவென்று உப்பியிருக்கும். மதியத்திற்குள் வடிந்துவிடும். உறக்கக் குறைவு என்றிருந்தேன். அடுத்து, செருப்பின் வார் காலில் பதித்த தடம் இரவுவரை மறையாதிருந்தது. விரலால் கணுக்காலை அழுத்தினால் விழுந்த குழி, பிசைந்த மாவில் விழுந்த குழியைப்போல் அப்படியே நின்றது. தையற்காரன் ஆதலால் அங்குல நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து என் இடுப்பை நானே அளந்தேன். வாரந்தோறும் நாடா நீண்டுகொண்டே போயிற்று. உணவோ குறைந்துகொண்டே வந்தது. உண்ணாமல் பருப்பவனை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அதனை எழுதக் கூச்சமாக இருப்பினும் உங்களுக்குப் பயன்படும். சிறுநீர் கழித்தால் சோப்பு கரைத்து ஊற்றியது போல நுரை நின்றது. நின்ற நுரை அடங்கவில்லை.

“உடம்புல நீர் கோத்துக்கிச்சுங்க. வேற ஒண்ணுமில்ல” என்றாள் என் மனைவி தனபாக்கியம். சுரைக்காயும் முள்ளங்கியுமாகச் சமைத்தாள். பார்லி கஞ்சி வைத்தாள். ஒரு நாள் தையல் இயந்திரத்தின் மிதிபலகையில் கால் பொருந்தாமல் வழுக்கியது. கடையை அடைத்துவிட்டு என்னை டாக்சியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள்.

அங்கேதான் ராஜமாணிக்கம் இருந்தார்.

அவர் அந்த வார்டின் உதவியாளர். நோயாளிகளைத் தூக்குவது, திருப்புவது, கழுவுவது அவர் வேலை. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி வந்தால் டாக்டரின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் அவர் வேலையே. அவருக்கும் எனக்கும் பழைய விவகாரம் ஒன்று உண்டு. சிராங்கூன் ரோட்டு வட்டாரத்தில் நாங்கள் நடத்திவந்த மதுவிலக்குக் கழகத்திற்கு நான் செயலாளன். ஒரு பொங்கல் விழா மேடையில், ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மாலையானால் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கண்டித்தேன். கூட்டம் சிரித்தது. அந்த ராஜமாணிக்கம் தம் மகளைத் தோளில் சுமந்தபடி அதே கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

“வாங்க தலைவரே!” என்றார், என்னைக் கண்டதும். “நீங்களும் வந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க.”

டாக்டர் ஓர் இளைஞர், சீனர், களைத்திருந்தார். என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் புரளச் சொல்லி மீண்டும் தட்டினார். வயிற்றுக்குள் நீர் தேங்கியிருப்பதை ஓசையாலேயே அறிவார்களாம். அதன்பின் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ராஜமாணிக்கம் என் பக்கம் திரும்பினார்.

“தண்ணி உண்டா தலைவரே?”

பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பதற்குமுன் என் நிலையைக் கருதுக. உடம்பு முழுக்க நீர். ஒரு மாத காலமாகப் பார்த்தவர் எல்லோரும் கேட்டது நீரைப் பற்றியே. எங்கள் வீட்டில் மதுவுக்கு மது என்று பெயர். தண்ணீருக்குத் தண்ணீர் என்று பெயர். தெருவில் சிலர் அதற்கு இதன் பெயரைச் சூட்டியிருப்பது என் காதில் விழுந்ததுண்டு. ஆயினும் ஒரு மருத்துவமனையில், ஒரு டாக்டரின் முன்னிலையில், அந்தப் பொருளில் அந்தச் சொல் வரும் என்று எவன் எண்ணுவான்?

“இல்லாமலா?” என்றேன்.

“எவ்வளவு போகும்?”

“காலையில எழுந்ததும் வெறும் வயித்துல ஒரு செம்பு. அப்புறம் தையல் மிஷின் பக்கத்துல கூஜா இருக்கும். வாய் காயும்போதெல்லாம் குடிப்பேன்.”

“கூஜாவா!”

“வெயில் கடுமையா இருந்தா ரெண்டாவது கூஜாவும் காலியாகும்.”

“இது எத்தனை வருஷமா?”

“விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து. எங்கப்பா பழக்கிவிட்டது.”

ராஜமாணிக்கத்தின் முகத்தில் ஓர் ஒளி பரவியதை நான் கண்டேன். என் ஒழுக்கத்தை அவர் மெச்சுவதாக எண்ணிக்கொண்டேன். அவர் தனபாக்கியத்தைப் பார்த்தார்.

“ஏன் அக்கா, நீங்க ஒண்ணும் கேக்கறதில்லையா?”

“நான் எதுக்குக் கேக்கறேன்? நான்தானே ஊத்திக் கொடுக்கிறேன்” என்றாள் அவள் பெருமையாக. “வெட்டிவேர் போட்டு வச்சா இன்னும் ரெண்டு மொடக்கு கூடவே குடிப்பாரு.”

அவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். டாக்டரின் புருவம் உயர்ந்தது. எழுதினார். எழுதிய பின் என் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கணவன்மேல் இவ்வளவு அக்கறையா என்று வியக்கிறார் என அவள் வீடு திரும்பும்வரை மகிழ்ந்திருந்தாளாம்.

இப்படியாக, வாழ்நாளில் கள்ளின் வாடையைக் கண்டாலே எதிர்ச்சாரிக்கு மாறி நடந்த நான், கள்ளால் ஈரல் கெட்டவனாக அந்த வார்டில் படுக்க வைக்கப்பட்டேன். அப்போது மருத்துவ மாணவர்களுக்கு விடுமுறைக் காலம். என் சிறுநீரைப் புட்டியில் எடுத்து வைத்தவர்கள், நோய்தான் தெரிந்துவிட்டதே என்று அதனைத் தொடவில்லை. ஈரல் கெட்டவனுக்கு முட்டையும் மீனும் ஆகாதென்று நிறுத்தினார்கள். ஊசி குத்திக் குழாய் வைத்து வயிற்று நீரை இறக்கினார்கள். வாளியில் அது சொட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இறக்கிய நீர் சில நாளில் மீண்டும் ஏறிற்று. வலிமை மட்டும் ஏறவில்லை. கையை உயர்த்தி முகத்தைத் துடைக்கவும் என்னால் இயலாது போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் வீராசாமி என்னும் துறைமுகத் தொழிலாளி இருந்தார். அவருக்கு வந்தது மெய்யாகவே கள்ளின் நோய். கண்கள் மஞ்சளாயிருந்தன. இனிய மனிதர். விவரத்தை எனக்கு வெளிப்படுத்தியவர் அவரே.

“அண்ணே, நீங்க எந்தக் கடை?” என்றார் இரகசியமாக.

“பஃபலோ ரோடு. தையற்கடை.”

“அது தெரியும். குடிக்கிறது எந்தக் கடைன்னு கேட்டேன்.”

நான் விழித்தேன். அவர் தலையணையிலிருந்து எழும்பிச் சிரித்தார். “என்கிட்ட என்னண்ணே மறைக்கிறீங்க? காலையில செம்பு, அப்புறம் கூஜா! ராஜமாணிக்கம் வார்டு பூரா சொல்லிட்டான். முப்பது வருஷம் லோடு தூக்கியிருக்கேன், கூஜாவுல குடிச்ச ஆளை நான் பாத்ததில்ல. அதுவும் அண்ணியே வெட்டிவேர் போட்டு ஊத்திக் கொடுப்பாங்களாமே! கொடுத்து வச்சவரு நீங்க.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. உடலில் இருந்த நீரெல்லாம் கொதித்தது போலிருந்தது.

மறுநாள் டாக்டர் வந்ததும், நான் குடிப்பவன் அல்லன் என்பதை அவரிடம் சொல்லுமாறு ராஜமாணிக்கத்திடம் கேட்டேன். அவர் சொன்னார். டாக்டர் பரிவோடு தலையசைத்து ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“என்ன சொல்றாரு?”

“குடிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம் தலைவரே. கோவிச்சுக்க வேணாம்னாரு.”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, டாக்டரின் முதுகை நோக்கி, “நோ டோடி! நோ டோடி!” என்று கத்தினேன். கள்ளுக்கு ஆங்கிலத்தில் டோடி என்று பெயர். தூரத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கள் வேண்டுமென்று நான் அடம்பிடிப்பதாக அவர் எண்ணினாராம்.

செய்தி எங்கள் வட்டாரத்துத் தேக்கா மார்க்கெட்டை எட்ட நெடுநேரம் ஆகவில்லை. தனபாக்கியத்தின் தம்பி பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, “மச்சான், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே! ஒரு நாள் என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?” என்றான். கழகத்திலிருந்து இருவர் வந்தார்கள். நலம் விசாரித்தார்கள். உடம்பு தேறும்வரை செயலாளர் பொறுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். தேறிய பிறகு என்று நான் கேட்டபோது, மின்விசிறியைப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் மட்டும் ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. ஆனால் மார்க்கெட்டில் மீன்காரி அவளிடம், “ஊத்திக் கொடுத்தே புருஷனைப் படுக்க வச்சுட்டியேடி” என்றாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என் வீங்கிய காலைத் தன் மடியில் வைத்துத் தடவியபடி, “நீங்க பொழைச்சு வாங்க. அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றாள்.

பிழைத்து வருவது என்பது அன்றைய நிலையில் எளிதாகத் தோன்றவில்லை. வீராசாமி ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். திரையிட்டு, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்தவன் நான் என்று வார்டே நினைத்தது. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பெயரோடு நான் செத்தால், என் பிணத்தின் பின்னால் வருபவர்கள் கூஜாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். ராஜமாணிக்கம் என்னைக் கழுவித் துடைத்து வெள்ளைத் துணி சுற்றுவார். அதற்கு நான் இடம் தரலாகாது. டாக்டர்கள் எனக்குக் கொடுத்த மருந்துகளின் பெயர்கள் பிற்பாடு தெரிந்தன. அவற்றுக்கு முன்பே என்னைத் தாங்கி நின்ற மருந்து இதுவே.

விடுமுறை முடிந்து மாணவர்கள் வந்தார்கள். வெள்ளைக் கோட்டுகள் கட்டிலைச் சூழ்ந்தன. குளிர்ந்த விரல்கள் என் வயிற்றைத் தட்டின. அவர்களுள் ஒருத்தி யோகேஸ்வரி. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், இங்கேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அவளுடைய தமிழ் வீட்டில் பேசும் தமிழ், அதுவும் அரைகுறை. என்னை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். நோயாளியின் சிறுநீரைத் தானே சோதித்துப் பழகுவது மாணவர் கடமையாம். என்னிடம் புதிதாக வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

“ஐயா, இதைப் பாருங்கோ.”

கண்ணாடிக் குழாயின் மேற்பாதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டியிருந்தாள். கீழே தெளிவாக இருந்த என் சிறுநீர், மேலே அவித்த முட்டையின் வெள்ளையைப்போல் உறைந்து திரண்டிருந்தது.

“இவ்வளவு புரதம் போகுது. ஈரல் எண்டா இப்படிப் போகாது. காலமை முகம் வீங்குறதோ?”

“வீங்குது. முதல்லேருந்தே வீங்குது. யாருமே கேக்கலையே, அம்மா.”

அவள் என் கட்டில் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தயங்கினாள். “நீங்கள் தண்ணி நிறையக் குடிப்பீங்கள் எண்டு எழுதியிருக்கினம். அது... கள் எண்டு எழுதியிருக்கு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“தண்ணின்னு சொன்னேன்.”

“தண்ணி எண்டா?”

“தண்ணி.”

“பைப்பில வாற தண்ணியோ?”

“அதேதான்!”

“எங்கட வீட்டிலயும் தண்ணி எண்டா தண்ணிதானே. பிறகு இவையள் ஏன் கள் எண்டு எழுதினவை?”

பிள்ளைகளே, அந்த வார்டில் நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைக் குடிகாரன் ஆக்கினார்கள். தெருத்தமிழ் தெரியாத ஒரு பெண்தான் என் சொல்லுக்கு அதன் பொருளைத் திருப்பித் தந்தாள். அன்று என் கண்ணில் வந்த நீர் நோயின் நீரன்று.

அவள் எனக்கு நோயை விளக்கிய விதத்தை இங்கே எழுதுகிறேன். அவள் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடித் தேடிச் சொன்னாள். நான் துணியின் மொழியில் விளங்கிக்கொண்டேன். முதுகின் இருபுறமும் விலாவின் அடியில் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத வடிகட்டிகள் இலட்சக்கணக்கில். ஒவ்வொரு வடிகட்டியும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு பூப்பந்து. இரத்தம் அதனுள் புகும்போது நீரும் உப்பும் கழிவும் அதன் சுவர் வழியே வடிந்து, நீண்டு வளைந்த குழல்களில் இறங்கும். அக்குழல்கள் உடம்புக்கு வேண்டிய நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, வேண்டாததை மட்டும் வெளியே விடும். இரத்தத்தின் புரதம் பெரிய பொருள் ஆதலால், நல்ல வடிகட்டியில் அது இறங்காது. நெருக்கமாக நெய்த மல் துணியில் மாவைச் சலித்தால் கட்டி மேலேயே நிற்கும் அல்லவா? என் துணியில் நெசவு தளர்ந்துவிட்டது. கிழியவில்லை, தளர்ந்துவிட்டது. புரதம் ஒழுகிப் போயிற்று. சிறுநீரில் நுரை நின்றது அதனால்தான்.

அந்தப் புரதத்திற்கு இன்னொரு வேலை உண்டு. நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது அதுவே. அது போனால் பிடிப்பார் இல்லாத நீர், குழாயை விட்டுக் கசிந்து சதையில் தேங்கும். இரவெல்லாம் படுத்திருப்பவனுக்குத் தளர்ந்த தோலுள்ள கண்ணிமையில் தேங்கும். பகலெல்லாம் உட்கார்ந்து தைப்பவனுக்குக் காலில் தேங்கும். போதாக்குறைக்குச் சிறுநீரகமே உப்பைத் தேக்கிக்கொள்ளும். உப்பு நிற்குமிடத்தில் நீரும் நிற்கும். இப்படி ஒழுகிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அவர்கள் முட்டையையும் மீனையும் நிறுத்தினார்கள். வயிற்றைக் குத்தி இறக்கிய நீரோடும் புரதத்தையே இறக்கினார்கள். ராஜமாணிக்கத்தின் ஒரு சொல் எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள்.

“நாளைக்குப் பெரிய டாக்டர் வருவார். நான் சொல்லுறன்” என்றாள் யோகேஸ்வரி.

“நீ குழாயைக் காட்டு, அம்மா. மத்தத நான் சொல்றேன். என் வாயால சொல்லணும்.”

“அவருக்குத் தமிழ் விளங்காதே.”

“அதுக்குத்தானே ஒருத்தரு இருக்காரு.”

அன்று பொழுதெல்லாம் என் உரையைத் தயாரித்தேன். மேடைகளில் பேசிய அத்தனை உரைகளிலும் அதுவே சிறந்தது. வாக்கியங்களை நீளமாக அமைத்தால் மொழிபெயர்ப்பவர் சுருக்கிவிடுவார் என்பதால், ஒவ்வொன்றையும் குட்டையாக அமைத்தேன்.

பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் இளம் டாக்டர், மிஸ்ஸிகள் என்னும் தாதிகள், மாணவர் கூட்டம். யோகேஸ்வரி குழாயை நீட்டினாள். பெரிய டாக்டர் அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பு இளம் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நான் கையுயர்த்தினேன். பேச விரும்புகிறேன் என்று யோகேஸ்வரி தெரிவித்தாள். ராஜமாணிக்கத்தை அழைத்தார்கள்.

“சொல்லுங்க தலைவரே” என்றார் அவர் சாதாரணமாக.

“நான் கள் குடிப்பவன் அல்லன்.”

மொழிபெயர்த்தார்.

“நான் தண்ணீர் என்று சொன்னேன்.”

மொழிபெயர்த்தார்.

“என் எதிரில் நிற்கும் ராஜமாணிக்கம் அதனைக் கள் என்று மாற்றினார்.”

அவர் மொழிபெயர்க்கவில்லை. குனிந்து தாழ்ந்த குரலில், “வேணாம் லா தலைவரே. இத்தனை பேரு முன்னாடி” என்றார்.

“மேடைன்னா நாலு பேரு இருக்கத்தான் செய்வாங்க. சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

“அவர் அதனை வேண்டுமென்றே செய்தார்.”

ஏதோ சொன்னார். யோகேஸ்வரி உடனே, “அப்படி இல்லை. வேணுமெண்டே செய்தவர் எண்டு ஐயா சொன்னவர்” என்று குறுக்கிட்டாள். அவர் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. தம் வாயாலேயே, தாம் வேண்டுமென்று செய்ததாக, ஆங்கிலத்தில், தம் மேலதிகாரிகள் முன்னிலையில்! முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. இவர் இதனை வார்டெங்கும் பரப்பினார். என் மனைவியின் பெயரையும் இழுத்தார். இவரே அந்தப் பழக்கம் உடையவர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றன்பின் ஒன்றாக அவர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. இவ்வளவும் நான் கண்கொட்டாமல் பார்த்தேன்.

பெரிய டாக்டர் அவரிடம் நேரடியாக ஏதோ கேட்டார். அவர் விடையைத் தமிழில் என்னிடமே சொன்னார்.

“நம்ம ஆளுங்க கிட்ட குடிப்பீங்களான்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்னு, எல்லார்கிட்டயும் தண்ணி உண்டான்னுதான் கேப்பேன். நீங்க ஒரு செம்புன்னீங்க. கூஜான்னீங்க. அக்காவும் ஆமான்னாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு தலைவரே, அத நான் இல்லேங்கல. ஆனா பொய் சொல்லல.”

இதனை அவர் தம் மேலதிகாரிக்கு எப்படி மொழிபெயர்த்தார் என்று எனக்குத் தெரியாது. யோகேஸ்வரி இம்முறை திருத்தவில்லை.

பெரிய டாக்டர் அடுத்து வெகுநேரம் கடுமையாகப் பேசினார். யாரை என்று கேட்டேன். “முதல் நாளே சூடாக்கிப் பார்த்திருக்க வேணும் எண்டு எங்களைத்தான் ஏசுறார்” என்றாள் அவள்.

அன்றே என் அட்டை மாறிற்று. முட்டையும் மீனும் வந்தன, உப்பு போயிற்று. உப்பில்லாத சோற்றைத் தனபாக்கியம் எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை தூவி உண்ணும்படியாக்கினாள். அப்போது புதிதாக வழக்கத்துக்கு வந்திருந்த கார்ட்டிசோன் வகை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தளர்ந்த நெசவை அவை மீண்டும் இறுக்குமாம்; எல்லோருக்கும் இறுக்காதாம். எனக்கு இறுக்குமா என்பது காத்திருந்தே தெரிய வேண்டும். தினமும் யோகேஸ்வரி குழாயைச் சூடாக்கினாள். தினமும் வெள்ளை திரண்டது. இன்னும் திரளுகிறதா என்று நானும், திரளுகிறது என்று அவளும் பேசிக்கொள்ளாமலே பேசிக்கொண்டோம். பின்னொரு காலையில் உடம்பின் மடை திறந்தது. அன்று முழுவதும் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். வயிறு வற்றியது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. மாத்திரையால் முகம் மட்டும் பூரணச் சந்திரனாகிவிட்டது. யோகேஸ்வரி கொண்டுவந்த குழாயில் வெறும் மங்கல் மட்டுமே இருந்தது.

விடைபெறும் நாளில் பெரிய டாக்டர் அறிவுரை சொன்னார். மொழிபெயர்த்தவர் ராஜமாணிக்கம், வேறு ஆள் அன்று கிடைக்கவில்லை. என் முகத்தைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். “உப்பு கூடாது. கருவாடு, ஊறுகாய் கூடாது. நோய் திரும்ப வரலாம், அதனால தண்ணிய அளந்துதான் குடிக்கணும். ஒரு தடவைக்கு அரை கிளாசு.” சற்று நிறுத்தி, “பைப்புத் தண்ணி” என்றார்.

மீன்காரிக்குத் தனபாக்கியம் என்ன பதில் சொன்னாள் என்பதை எழுத என் எழுத்து இடந்தராது. கழகத்தார் வந்து பொறுப்பைத் திருப்பித் தந்தார்கள். மின்விசிறியை ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டு அவர்களையும் சற்று நேரம் நிற்க வைத்தேன். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. வார்டில் அவரை அவமதித்தேன், தேக்காவில் அவமதிக்கவில்லையே! என் பெயர் போன இடம் தேக்கா அல்லவா?

ராஜமாணிக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டையொட்டிய சந்தில், கடைவீடொன்றின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழி அதுவே ஆகுமாறு நான் என் வழியை மாற்றிக்கொண்டேன். முதல் வெள்ளியன்று அவர் வீட்டுக்கு முன்னால், ஆட்கள் உட்கார்ந்து பேசும் நடைபாதையில் நின்று, மேடைக் குரலில் கேட்டேன்.

“ராஜமாணிக்கம்! கொஞ்சம் தண்ணி கொடுங்க!”

ஒருவன் களுக்கென்று சிரித்தான். கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் வந்து தண்ணீர் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்ல நம்மவரில் எவருக்கும் நா எழாது. அதை நம்பித்தான் நான் போனேன். அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார், உள்ளே போய்க் கிளாசில் கொண்டுவந்து இரு கையாலும் நீட்டினார். நான் நின்றபடியே, மெல்ல, எல்லோரும் காணக் குடித்தேன். அடுத்த வெள்ளியும் போனேன். மழையிலும் போனேன். “பைப்புத் தண்ணி ராஜமாணிக்கம்” என்று அவருக்கு அந்தச் சந்தில் பெயர் நிலைத்துவிட்டது. அவர் கள்ளுக்கடைக்குப் போனால் அங்கேயும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் நிற்கிறது. இப்போதெல்லாம் அவர் போவதில்லை என்கிறார்கள். அதனைத் தம் கழகத்தின் வெற்றியென்று எம்மவர் சொல்லிக்கொள்கிறார்கள். என் நோக்கம் அதுவன்று.

பிள்ளைகளே, நீங்கள் டாக்டர்களான பின், தமிழன் ஒருவன் தண்ணி என்று சொன்னால், எந்தத் தண்ணி என்று இன்னொரு முறை கேளுங்கள். யார் மொழிபெயர்த்தாலும் கேளுங்கள். சிறுநீரை முதல் நாளே சூடாக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மருத்துவம் இவ்வளவே.

ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன்.

முதல் வெள்ளியன்று அவர் நீட்டிய கிளாசு பாதிதான் நிறைந்திருந்தது. எல்லோர் முன்னிலையிலும் இது என்ன கஞ்சத்தனம் என்று கேட்டேன்.

“உங்களுக்கு அரை கிளாசுதான் தலைவரே” என்றார் அவர். “டாக்டரு சொன்னத நான்தானே உங்களுக்குச் சொன்னேன்.”

வெள்ளிதோறும் அதே அரைக் கிளாசு. கடும் வெயிலில் நா வறண்டு நின்று, இன்னும் கொஞ்சம் என்று கேட்டதுண்டு, தரவில்லை. வேண்டுமென்றே அளவை மீறி ஊற்றுவார், என் காலும் கண்ணிமையும் அதனைச் சொல்லும், அன்று அவரை முழுதாகப் பிடித்துவிடலாம் என்று கிளாசை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறேன். ஒரு விரற்கடைகூட ஏறுவதில்லை. ஒரே ஒரு நாள் ஏற்றி ஊற்றட்டும், அத்தோடு விட்டுவிடுகிறேன். அவர் ஊற்றுவதாக இல்லை. நானும் விடுவதாக இல்லை.